வீட்டாரிடம் எப்படிச் சொல்வது?



இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்ததும் ஒருவர் மனதில் எழும் பெரிய கேள்வி, "இத வீட்டுல எப்படிச் சொல்றது?" என்பதுதான். இன்றைய பாடம் அதைப் பற்றியது. நோயுள்ளவருக்கு மட்டுமல்ல, அந்தச் செய்தியைக் கேட்கப்போகும் தாய், மனைவி, கணவன், அண்ணன் தம்பிக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்தவர், நோய் இருப்பது தெரிந்தபின் தோட்டத்துக்குத் திரும்பி வருகிறார். லயத்தில் ஒரே காம்பரா. மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய். மாத்திரைப் போத்தலை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார். மனைவி கேட்டால், "வயித்து வலிக்குக் குடுத்தாங்க" என்கிறார். ஆள் இருக்கும் நேரத்தில் குடிக்க முடியாமல் சில நாள் மருந்து தவறிப்போகிறது. இப்படி அடிக்கடி தவறினால் கிருமிக்கு அந்த மருந்து பிடிக்காமல் போய்விடும். மனைவியோ தனக்கும் பரிசோதனை தேவை என்பதே தெரியாமல் இருக்கிறார். ஒரு இரகசியத்தால் இரண்டு உயிருக்கு ஆபத்து.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

எச்.ஐ.வி. பாதுகாப்பற்ற உடலுறவாலும், கிருமியுள்ள இரத்தத்தாலும், ஊசியாலும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றும். ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பீலியில் குளித்தாலும், ஒரே கக்கூசைப் பாவித்தாலும், நுளம்பு கடித்தாலும் தொற்றாது. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினாலும் தொற்றாது.

நோயை முற்றாக நீக்கும் மருந்து இல்லை. ஆனால் தினமும் தவறாமல் மருந்து குடித்தால், பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்துவிடும். இதற்கு வழக்கமாக 6 மாதம் வரை செல்லும். அந்த நிலையைத் தொடர்ந்து காப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றுவதில்லை. வைத்தியர் அதை உறுதிசெய்யும் வரை ஆணுறை அவசியம்.

தாய்மாரும் பயப்பட வேண்டாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்ற சான்றிதழை 2019ஆம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்கு வழங்கியது. கர்ப்பக் காலத்திலேயே பரிசோதித்து மருந்து எடுப்பதால்தான் இது முடிந்தது.

யாரிடம் சொல்வது?

எல்லோரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. முதலில் கணவன் அல்லது மனைவியிடம் சொல்ல வேண்டும். அவருடைய உடம்பும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. அடுத்து, வாயைக் கட்டி வைக்கக்கூடிய, ஆத்திரப்படாத ஒருவர் போதும். அது தாயாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம். தோட்டத்துரைக்கோ, கங்காணிக்கோ, பக்கத்துக் காம்பராவுக்கோ சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து மடுவத்தில் ஒரு வாய்க்குப் போன பேச்சு பின்னேரத்துக்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிடும். அதைத் திருப்பி எடுக்க முடியாது.

எங்கே, எப்போது?

லயத்துச் சுவருக்குக் காது உண்டு. இராத்திரியில், குடிபோதையில், சண்டை நடுவில் சொல்ல வேண்டாம். வேலையில்லாத நாளில், கோயிலுக்கோ டவுனுக்கோ போகும் வழியில் தனியாகப் பேசலாம். தனியே சொல்லப் பயமாக இருந்தால், கிளினிக்குக்கு அழைத்துப் போய் வைத்தியர் முன்னிலையில் சொல்லலாம். அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்று பயப்படும் பெண்கள் முதலில் கிளினிக்கில் அதைச் சொல்லி ஆலோசனை கேட்க வேண்டும். அவசரப்பட்டு வீட்டில் சொல்ல வேண்டாம்.

எப்படிச் சொல்வது?

சுற்றி வளைக்காமல், நோயையும் மருந்தையும் சேர்த்தே சொல்லுங்கள்: "அம்மா, எனக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு ரத்தத்துல தெரிஞ்சிருக்கு. மருந்து எடுக்கிறேன். ஒழுங்கா எடுத்தா மத்தவங்க மாதிரி வேலை செஞ்சு இருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. ஒங்களுக்கு ஒட்டாது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." கேட்டவர் அழலாம், ஏசலாம், இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். மனைவியின் கோபம் நியாயமானது. அதைப் பொறுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுபிள்ளைகளுக்கு வயதுக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னால் போதும்.

கேட்பவர் என்ன செய்ய வேண்டும்?

"எங்க போயி வாங்கிட்டு வந்த?" என்று முதல் நாளே விசாரிக்க வேண்டாம். தட்டையும் கோப்பையையும் வேறாக்க வேண்டாம். "சாப்பிட்டியா, மருந்து குடிச்சியா?" என்று கேளுங்கள். கணவன் அல்லது மனைவி உடனே பரிசோதனைக்குப் போக வேண்டும். புதிதாகத் தொற்றியிருந்தால் முதல் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். ஆகவே வைத்தியர் சொல்லும் நாளில் திரும்பவும் பரிசோதிக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் தேவையா என்று அங்கேயே கேளுங்கள்.

நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி ஆகிய இடங்களில் அரசாங்கப் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்கள் உள்ளன. பரிசோதனையும் மருந்தும் இலவசம். உங்கள் விபரத்தை வெளியில் சொல்ல மாட்டார்கள்.

நாம் நினைத்துக்கொண்ட அந்தக் குடும்பத்துக்குத் திரும்புவோம். அவர் வாய்திறந்து சொல்லும் நாளில் வீட்டில் அழுகை இருக்கும். ஆனால் அன்றிலிருந்து மாத்திரைப் போத்தல் அரிசி வாளிக்குப் பின்னால் இருக்கத் தேவையில்லை. அவர் மறந்தாலும் நினைவுபடுத்த வீட்டில் ஒரு ஆள் இருக்கும்.

வீட்டில் பேசிப் பாருங்கள்:

1. எச்.ஐ.வி. தொற்றாத வழிகள் ஐந்தைச் சொல்ல முடியுமா?
2. நம் வீட்டில் ஒருவர் இப்படி வந்து சொன்னால், நம் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை எதுவாக இருக்க வேண்டும்?