அன்னதானப் பந்தலும் ஒரு செல்லும்

படிவம் 4 படிக்கும் என் தங்கை உயிரியல் தேர்வில் செல்லின் பாகங்கள் எல்லாவற்றையும் சரியாகப் பெயரிட்டாள். 'மைட்டோகோண்ட்ரியா இல்லாவிட்டால் என்ன ஆகும்?' என்ற கேள்விக்கு மட்டும் வெறும் தாளை விட்டுவிட்டாள். "பேரு மனப்பாடம் ஆயிடுச்சு அண்ணா, வேலைதான் புரியல. உயிரியலை விட்டுடவா?" என்று கேட்டாள்.

"தைப்பூசப் பந்தல்ல பரிமாறினியே, அதை நினைச்சுப் பாரு" என்றேன்.

வாசலில் நின்று யாரை உள்ளே விடுவது என்று பார்க்கும் தொண்டர்தான் செல் சவ்வு. பெரியவர் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் சமையல் குறிப்பேடு, உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. குறிப்பேடு வெளியே வராது. தேவையான பக்கத்தை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டு எம்.ஆர்.என்.ஏ. சீட்டைப் பார்த்துச் சமைப்பவர்கள் ரைபோசோம்கள்; அவர்கள் ஆக்கும் பண்டம் புரதம். பொட்டலம் கட்டி, எங்கே போகணும்னு குறிச்சு அனுப்பும் மேசை கோல்கை உறுப்பு. எச்சில் இலையை அள்ளி உரமாக்கும் குழு லைசோசோம்.

அடுப்புதான் மைட்டோகோண்ட்ரியா. ஆக்சிஜனைக் கொண்டு உணவிலிருந்து ஏ.டி.பி. வடிவில் ஆற்றலைத் தருகிறது. அடுப்பு இல்லாவிட்டால்? ஒரு குளுக்கோசிலிருந்து நிகரமாக 2 ஏ.டி.பி. மட்டுமே கிடைக்கும், இருந்தால் ஏறக்குறைய 30. மெழுகுவத்தியில் சோறு ஆக்குற கதைதான்! நம் சிவப்பணுக்களில் மைட்டோகோண்ட்ரியா கிடையாது. அந்த 2-ஐ வைத்தே காலம் தள்ளுகின்றன. ஓயாமல் துடிக்கும் இதயத் தசைக்கு அது போதாது.

தங்கை உடனே மடக்கினாள்: "அப்போ செல்லுக்குள்ள அந்தப் பெரியவர் யாரு?"

நல்ல கேள்வி. அப்படி ஒருவரும் இல்லை. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதி, பொருந்துவது பொருந்தித்தான் வேலை நடக்கிறது. அடுப்பும் குட்டி போடாது. ஆனால் மைட்டோகோண்ட்ரியா தனக்கென்று டி.என்.ஏ. வைத்துக்கொண்டு, தானே பிரிந்து பெருகும். அதுவும் நமக்கு அம்மாவிடமிருந்து வந்தது.

உவமை என்பது வாசற்படி மாதிரி. அதில் ஏறி உள்ளே போகணும், அங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாது. நீங்களும் படிக்கும் பாடத்துக்கு ஓர் உவமை சொல்லிப் பாருங்கள். பிறகு அது எங்கே பொருந்தவில்லை என்று தேடுங்கள். பாடம் புரிந்ததா என்பது அங்கேதான் தெரியும்.

தங்கை உயிரியலை விடவில்லை. இப்போது குளோரோபிளாஸ்டுக்கு உவமை தேடிக்கொண்டிருக்கிறாள்.