வாலில்லாமல் ஊரும் பாக்டீரியா

கேள்வி: நீந்த வாலே இல்லாத பாக்டீரியாக்களும் ஊர்கின்றனவாமே, எப்படி? – ஒரு வாசகர், கூரம்.

பதில்: சுழலும் மோட்டாரால்தான். கட்லா, ரோகு வளர்க்கும் குளங்களில் மீன்களின் செவுளை அழுகவைக்கும் ஃபிளேவோபாக்டீரியம் காலம்னேரும் இப்படி ஊர்வதே. அதே பேரினத்தின் ஜான்சோனியே என்ற சிற்றினத்தை வைத்து, அபிஷேக் ஸ்ரீவஸ்தவா, புஷ்கர் லேலே, ஹோவர்ட் பெர்க் மூவரும் 2015இல் இதைக் காட்டினார்கள். செல்லின் மேற்பரப்பில் ஒட்டும் தன்மையுள்ள புரத இழைகள் உண்டு. ஊர முடியாதபடி செய்த செல்லின் இழையை ஆன்டிபாடி கொண்டு கண்ணாடியில் பிணைத்ததும், செல் முழுவதும் ஒரே சீராகச் சுற்றியது! கண்ணால் கண்ட இந்தச் சான்றைவிட வலுவானது வேறென்ன வேண்டும்?

சுழல்கிற பொருள் நின்ற இடத்தில்தானே சுற்றும், முன்னே எப்படிப் போகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இழைகள் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. செல்லைச் சுற்றித் திருகுபோல் வளைந்த தடத்தில் ஓடுபவை. மோட்டார் பல்சக்கரம்போல் அந்தத் தடத்தைத் தள்ளுகிறது. தரையைப் பற்றிய இழை பின்னே போக, செல் முன்னே நகர்கிறது. நகரும்போதே செல் தன் அச்சில் உருள்வதையும் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். தடம் நேர்க்கோடாக இருந்தால் உருளவேண்டிய அவசியமே இல்லை. இதற்கான விசையைத் தருவது சவ்வைக் கடந்து உள்ளே பாயும் புரோட்டான்கள். அந்தப் பாய்ச்சலைக் குலைக்கும் வேதிப்பொருளைச் சேர்த்தால் ஊர்தல் நின்றுவிடும். வேகம், நொடிக்கு ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர்.