புற்றை விடுங்கள், மட்டையைப் புரட்டுங்கள்

கோழிக்குஞ்சுக்குக் கரையான் வேண்டும் என்றதும் பலர் மண்வெட்டியும் கையுமாகப் புற்றைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். ராஜபாளையம் பக்கம் அது வம்பை விலைக்கு வாங்கும் வேலை. நேற்று முளைத்த புற்றுக்குக்கூட இன்று மஞ்சள் பூசியிருப்பார்கள். “அண்ணாச்சி, அதுல கை வைக்காதீங்க” என்று தோப்புக் காவலாளி ஓடி வருவார். சாமி பயம் இல்லாதவர்களுக்கும் நல்லபாம்பு பயம் இருந்தாக வேண்டும். வெயிலில் இறுகிய புற்றை வெட்டினால் கையில் கொப்புளம்தான் மிச்சம். கரையான் ஆழத்துக்கு இறங்கிவிடும்.

கரையான் குடியிருக்கும் இடத்தை விட்டுவிட்டு, அது தின்ன வரும் இடத்தைப் பார்க்க வேண்டும். தென்னந்தோப்பில் உதிர்ந்து கிடக்கும் மட்டை, மாந்தோப்பில் முறிந்த கிளை, மாடு மேய்ந்த நிலத்தில் மேலே காய்ந்து அடியில் ஈரமாக இருக்கும் சாணி, இவற்றைக் காலையில் குச்சியால் புரட்டிப் பாருங்கள். கையை விட்டுப் புரட்ட வேண்டாம், தேள் இருக்கும். மட்டை மேல் பூசிய மண்ணை நகத்தால் கீறினாலே விஷயம் தெரிந்துவிடும். மண் கறுத்து, ஈரப்பிசுக்கோடு விரலில் ஒட்டினால் உள்ளே ஆள் நடமாட்டம் உண்டு. வெளுத்துப் பொடியாக உதிர்ந்தால் காலி செய்துவிட்டுப் போய்விட்டன என்று அர்த்தம்.

இடம் தெரிந்தபின் பானை வேலை. பழைய மண்பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சணல் சாக்கு, பருத்திமார், இற்றுப்போன ஓலை எல்லாவற்றையும் திணித்துத் தண்ணீர் தெளித்து, பொழுது சாயும் நேரத்தில் அந்த இடத்தில் கவிழ்த்து வையுங்கள். நம் பக்கம் சரக்குக்குக் குறைவில்லை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அந்தப் பருத்திக் கழிவு, மருந்து படாததாகக் கிடைத்தால், கரையானுக்கு விருந்து. பால்கோவாவுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூரில் சாணிக்கா பஞ்சம்? ஈரம் மட்டும் கணக்காக இருக்க வேண்டும். பிழிந்தால் சொட்டக் கூடாது. சொதசொதவென்று நனைத்தால் புளித்து நாறும், கரையான் அண்டாது.

மறுநாள் வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும். சூடு தட்டினால் பானைக்குள் வந்ததெல்லாம் மண்ணுக்குள் திரும்பிவிடும். அதைவிடப் பெரிய எதிரி எறும்பு. பானை விளிம்பில் எறும்புச் சாரை தெரிந்தால் அன்றைய கரையான் அதற்குத்தான். அந்தப் பானையைக் குஞ்சுகளிடம் கொண்டுபோகவே கூடாது, எறும்பு காலைக் கடித்துவிடும். வீட்டு நிலை, கதவுப் பக்கம் பானை வைப்பது கரையானை வீட்டுக்கு அழைப்பதுதான்.

தோப்புக்காரரிடம் கேட்காமல் எங்கும் பிடிக்காதீர்கள். அனுமதிக்காக மட்டுமல்ல, மருந்துக்காகவும். தென்னங்கன்றுக்குக் கரையான் வராமல் குளோர்பைரிபாஸ் ஊற்றுவது சாதாரணம். அந்தக் கரையானைத் தின்னும் குஞ்சு என்ன ஆகும்? இரைக்கு அடிக்கும் மருந்து அதைத் தின்பதையும் பாதிக்கும். அமெரிக்காவின் டெக்சாஸில் கொம்பு ஓணான் என்று ஒன்று உண்டு. அறுவடை எறும்புதான் அதற்கு முக்கிய இரை. இரையோடு ஓணானும் குறைந்துபோனதற்கு, எறும்புக்கு மருந்து அடித்ததும் ஒரு காரணம் என்கிறார்கள். செண்பகத்தோப்புப் பக்கம் கரையான் நிறைய இருக்குமே என்று மலையடிவாரத்துக்குப் போகவும் வேண்டாம். 1988-லேயே சாம்பல்நிற அணில் சரணாலயமான அந்தக் காடு, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. காட்டுக்குள் பானையோடு நின்றால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

முறத்தில் சாக்கை விரித்துப் பானையைத் தட்டினால் போதும். தாய்க்கோழி ‘கொக் கொக்’ என்று கூப்பிட, குஞ்சுகள் விழுந்தடித்து வரும். தாயில்லாமல் மின்விளக்குச் சூட்டில் வளரும் குஞ்சுக்கு முதலில் இது தின்னும் பொருள் என்றே தெரியாது. நொய்யோடு கொஞ்சம் கலந்து போட்டால் பழகிக்கொள்ளும். கரையானில் புரதமும் கொழுப்பும் உண்டு, சுண்ணாம்புச்சத்து குறைவு. அதனால் சுமார் 20 சதவீதம் புரதம் உள்ள குஞ்சுத் தீவனத்தை நிறுத்திவிடாதீர்கள். கரையான் பக்கத் தீனிதான்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பானையும் வேண்டாம். மழை விட்ட மாலையில் விளக்கடியில் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் ஈசல் தானாக வந்து விழும். கோழிக்குப் போக மீதியை இறகு நீக்கி, அரிசியோடு வறுத்துத் தின்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் முந்திக்கொண்டால் கோழிக்கு மிஞ்சாது.