தூங்கும் பூட்டு: கம்ப்யூட்டருக்குள் காத்திருக்கும் வரிசை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அனைவரும் ஒரு முறையாவது இதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பின்னணியில் ஒரு பெரிய பைல் காப்பியாகும். திடீரென்று பாட்டு ஒரு நொடி விக்கி நின்று, பிறகு தொடரும். உடனே "பிராசசர் வேகம் போதவில்லை, ராம் கூட்ட வேண்டும்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். சில நேரங்களில் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பல நேரங்களில் வேகம் காரணமல்ல. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதே காரணம். நான் சாப்ட்வேர் இன்ஜினியர். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் உள்பகுதி எப்படி இயங்குகிறது என்பதில் எனக்கு ஆர்வம் அதிகம். அந்தக் காத்திருப்பை ஆப்பரேட்டிங் சிஸ்டம் எப்படிக் கையாளுகிறது என்று பார்ப்போமா!

கெர்னல் என்பது என்ன?

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதிக்கு கெர்னல் என்று பெயர். எந்த புரோகிராம் எப்போது பிராசசரைப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்வது இதன் வேலை. கார் பிரேக், தொழிற்சாலை இயந்திரம், விண்கலம் போன்றவற்றில் பயன்படும் கெர்னல்களை 'ரியல் டைம்' வகை என்பார்கள். ரியல் டைம் என்றால் மிக வேகமானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. குறித்த நேரத்துக்குள் வேலை கட்டாயம் முடிய வேண்டும் என்பதே இதன் பொருள்.

ஒரு ஜெராக்ஸ் கடை

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கடையில் ஒரே ஊழியர், ஒரே பிரிண்டர். ஊழியர்தான் பிராசசர். பிரிண்டர் என்பது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பயன்படுத்தக்கூடிய பொருள். அதில் ஒருவருடைய வேலை பாதியில் இருக்கும்போது இன்னொருவருடைய வேலையைத் தொடங்கினால் தாள்கள் கலந்துவிடும். எனவே அதற்கு ஒரு பூட்டு வேண்டும். யார் பூட்டை வாங்குகிறாரோ, அவர் வேலை முடியும்வரை மற்றவர் தொடக்கூடாது. கெர்னலிலும் நினைவகத்தில் உள்ள பொதுவான தகவல்களை இப்படித்தான் பூட்டுப் போட்டுக் காக்கிறார்கள்.

இப்போது பிரிண்டர் வேறொருவரிடம் இருக்கிறது. நீங்கள் இரண்டு விதமாகக் காத்திருக்கலாம்.

1. கவுண்டரிலேயே நின்று "அண்ணே, ஆச்சா? அண்ணே, ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. இதற்கு ஸ்பின் லாக் என்று பெயர். மிகக் குறுகிய காத்திருப்புக்கு இது சரி. ஆனால் கடையில் ஒரே ஊழியர் என்றால், உங்களுக்குப் பதில் சொல்லவே அவருக்கு நேரம் போய்விடும், பிரிண்ட் நகராது.

2. பெயரைச் சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவது. பிரிண்டர் காலியானதும் ஊழியர் கூப்பிடுவார். இதுதான் தூங்கும் பூட்டு. காத்திருக்கும் புரோகிராம் பிராசசரை விட்டு விலகித் தூங்குகிறது. அந்த நேரத்தில் வேறு வேலை நடக்கிறது.

இரண்டாவது முறையே நல்லது என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது.

அவசரக்காரர் ஏன் தாமதமாகிறார்?

கடையில் ஒரு சங்கத்துக்கான நோட்டீஸ் பிரிண்டாகிக்கொண்டிருக்கிறது. தாளைக் கையால் வைக்க வேண்டும். இன்னும் ஐந்து நிமிட வேலை. அவசரமில்லாத வேலை. அப்போது ஒருவர் நீண்ட மனு ஒன்றை டைப் செய்ய வருகிறார். இது கொஞ்சம் முக்கியமான வேலை. பிரிண்டரும் தேவையில்லை. ஊழியர் நோட்டீஸைப் பாதியில் நிறுத்திவிட்டு டைப் செய்ய உட்காருகிறார். அடுத்து, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த மாணவி ஒருத்தி விண்ணப்பத்தை பிரிண்ட் எடுக்க வருகிறாள். மலைக்குத் திரும்பும் பஸ் புறப்படப் போகிறது. அவள் வேலைதான் மிக அவசரம். ஆனால் பிரிண்டர் நோட்டீஸிடம் இருக்கிறது. எனவே பெஞ்சில் உட்காருகிறாள்.

ஊழியர் இப்போது என்ன செய்வார்? 'முக்கியமான வேலை முதலில்' என்பது விதி. மாணவியின் வேலையை இப்போது செய்ய முடியாது. மீதமிருப்பவற்றில் மனுவே முக்கியம். எனவே மனுவையே டைப் செய்துகொண்டிருப்பார். ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய காத்திருப்பு ஒரு மணி நேரமாகிறது. பஸ் போய்விடும். விதியை யாரும் மீறவில்லை. ஆனாலும் முன்னுரிமை தலைகீழாகிவிட்டது. இதையே 'பிரையாரிட்டி இன்வெர்ஷன்' என்கிறார்கள்.

செவ்வாயில் நடந்தது

இது வெறும் கற்பனைச் சிக்கல் அல்ல. நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கம்ப்யூட்டர் தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைய மீதி வேலைகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. அதில் இருந்தது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ரியல் டைம் ஆப்பரேட்டிங் சிஸ்டம்.

வானிலைத் தகவல் சேகரிக்கும் முன்னுரிமை குறைந்த வேலை ஒன்று பூட்டை வைத்திருந்தது. தகவல் பாதையைக் கவனிக்கும் மிக முக்கியமான வேலை அதற்காகத் தூங்கியது. நடுத்தர வேலைகள் இடையில் புகுந்து பிராசசரை எடுத்துக்கொண்டன. அந்த முக்கியமான வேலை நொடிக்கு எட்டு முறை முடிந்தாக வேண்டும். முடியவில்லை என்று கண்டதும், ஏதோ பெரும் கோளாறு என்று கருதி சிஸ்டம் தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது. பூமியில் இருந்த மாதிரிக் கலத்தில் இதே நிலையை வரவழைத்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பூட்டில் அணைத்து வைக்கப்பட்டிருந்த ஒரு வசதியை இயக்கும்படி மாற்றத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். பிரச்சினை தீர்ந்தது.

அந்த வசதியின் பெயர் 'பிரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ்'. அதாவது முன்னுரிமையை இரவல் கொடுப்பது. இதை முறையாக ஆராய்ந்து விளக்கிய கட்டுரை 1990-ல் வெளியானது. எழுதியவர்கள் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகிய மூவர். இவர்களில் ராஜ்குமார், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1984-ல் பொறியியல் பட்டம் பெற்றுவிட்டு அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர்.

கடைக்குத் திரும்புவோம். மாணவி பெஞ்சில் உட்கார்ந்ததும், அவளுடைய அவசரம் பாதியில் நிற்கும் நோட்டீஸுக்குத் தற்காலிகமாகக் கிடைக்கிறது. ஊழியர் மனுவை நிறுத்திவிட்டு நோட்டீஸை முடிப்பார். பிரிண்டர் காலியாகும். இரவல் வாங்கிய அவசரம் அத்துடன் முடியும். அடுத்து மாணவியின் விண்ணப்பம். மனுக்காரருக்கு ஐந்து பத்து நிமிடம் தாமதம். ஆனால் பஸ் தவறாது.

தூங்கும் பூட்டை எப்படி அமைக்கிறார்கள்?

1. பூட்டில் இரண்டு விவரங்கள் இருக்கும்: இப்போது யாரிடம் இருக்கிறது, யார் யார் காத்திருக்கிறார்கள்.

2. பூட்டு காலியா என்று பார்ப்பதும் அதை எடுத்துக்கொள்வதும் ஒரே செயலாக நடக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் இடைவெளி விட்டால் இருவர் ஒரே பூட்டை எடுத்துவிடுவார்கள். இதற்கென்றே பிராசசரில் தனிக் கட்டளைகள் உள்ளன.

3. காலி இல்லை என்றால், வந்த வரிசையில் அல்லாமல் முன்னுரிமை வரிசையில் பெயர் சேர்க்கப்படும். பூட்டை வைத்திருப்பவருக்கு முன்னுரிமை இரவல் கிடைக்கும். அவரும் இன்னொரு பூட்டுக்காகத் தூங்கினால், இரவல் அடுத்தவருக்கும் சங்கிலியாகத் தொடர வேண்டும்.

4. பெயர் சேர்ப்பதற்கும் தூங்குவதற்கும் நடுவில் பூட்டு காலியாகிவிடலாம். அந்த அழைப்பைத் தவறவிட்டால் புரோகிராம் எழுந்திருக்கவே மாட்டாது. எனவே தூங்குமுன் மறுபடி ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

5. பூட்டை விடும்போது இரவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வரிசையில் முதலில் இருப்பவரை எழுப்ப வேண்டும்.

இந்த வரிசைப் பட்டியலைக் காக்கவும் ஒரு சின்ன ஸ்பின் லாக் தேவை. அங்கே வேலை மிகச் சிறியது என்பதால் அது பரவாயில்லை.

லினக்ஸ் கெர்னலின் ரியல் டைம் வடிவத்தில் பெரும்பாலான ஸ்பின் லாக்குகளை இப்படிப்பட்ட தூங்கும் பூட்டுகளாக மாற்றியிருக்கிறார்கள். தனி இணைப்பாகப் பல ஆண்டுகள் வளர்ந்த இந்த வசதி, 2024 நவம்பரில் வெளியான லினக்ஸ் 6.12 பதிப்பில்தான் முழுமையாக முதன்மைக் கெர்னலில் சேர்ந்தது.

உங்களுக்கு ஒரு குறிப்பு

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டீட்டெய்ல்ஸ் பகுதியில் ஏதேனும் ஒரு புரோகிராம் மீது ரைட் கிளிக் செய்தால் 'செட் பிரையாரிட்டி' என்ற பிரிவு கிடைக்கும். அதில் 'ரியல்டைம்' என்று ஒன்று இருக்கும். விளையாட்டு வேகமாக ஓடும் என்று நினைத்து அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கம்ப்யூட்டரின் வேகம் இதனால் கூடாது. மவுஸ், கீபோர்டு, டிஸ்க் ஆகியவற்றைக் கவனிக்கும் சிஸ்டத்தின் சொந்த வேலைகளே பின்னால் தள்ளப்படலாம். உங்கள் விளையாட்டு அவற்றுக்காகத்தான் காத்திருக்கக்கூடும்!

இரண்டு புரோகிராம்கள் ஒன்றின் பூட்டுக்காக மற்றொன்று காத்திருந்து, இரண்டும் எழுந்திருக்காமல் போவதும் உண்டு. 'டெட்லாக்' எனப்படும் அந்தச் சிக்கலை அடுத்த இதழில் பார்ப்போம்.