கணக்கில் ஒளிந்திருக்கும் விடை: எக்ஸெல்லில் ஒரு பயிற்சி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல்லைத் திறந்ததும் ஃபார்முலாக்களை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எந்த எண்ணைக் கம்ப்யூட்டரிடம் கொடுப்பது, எதை விட்டுவிடுவது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். இதைப் பழக விடுகதைக் கணக்குகள் நல்ல வழி. என்னிடம் எக்ஸெல் கற்க வருபவர்களுக்கு நான் முதலில் தருவது இவற்றைத்தான்.

முதல் கணக்கு

ரயில் கணக்குக்கு எங்கள் ஜோலார்பேட்டை பொருத்தமான ஊர். சென்னையிலிருந்து வரும் பாதை இங்கேதான் பெங்களூருக்கும் சேலத்துக்கும் பிரிகிறது. ஒரு கற்பனை ரயிலை எடுத்துக்கொள்வோம். சென்னை சென்ட்ரலில் ஒரு பெட்டியில் 40 பேர் ஏறுகிறார்கள். அரக்கோணத்தில் 12 பேர் இறங்கி 7 பேர் ஏறுகிறார்கள். காட்பாடியில் 15 பேர் இறங்கி 9 பேர் ஏறுகிறார்கள். ஆம்பூரில் 6 பேர் இறங்கி 4 பேர் ஏறுகிறார்கள். வாணியம்பாடியில் 3 பேர் இறங்கி 2 பேர் ஏறுகிறார்கள். அடுத்து ஜோலார்பேட்டை. கேள்வி: ரயில் வழியில் எத்தனை ஸ்டேஷன்களில் நின்றது?

26 என்ற எண்ணைத் தயாராக வைத்திருந்தீர்களா? பெட்டியில் இருப்பவர்கள் 26 பேர் என்பது சரிதான். ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. விடை 4.

எண் கண்ணில் பட்டால் கை கூட்டத் தொடங்கிவிடுகிறது. பாடப்புத்தகக் கணக்குகளில் கொடுத்த எண்கள் அனைத்தும் பெரும்பாலும் தேவைப்படும். அந்தப் பழக்கம்தான் காரணம். பிரான்சின் கிரனோபிள் நகரில் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கணக்கு கொடுத்தார்கள். "கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கேப்டனின் வயது என்ன?" 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள்!

இரண்டாவது கணக்கு

இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே 200 கி.மீ. இரு முனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் புறப்பட்ட ரயில்கள் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஒன்றை நோக்கி மற்றொன்று வருகின்றன. ஒரு ரயிலின் முன்னாலிருந்து ஒரு பறவை மணிக்கு 75 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. எதிர் ரயிலைத் தொட்டதும் திரும்புகிறது. மறுபடி முதல் ரயிலைத் தொட்டுத் திரும்புகிறது. ரயில்கள் சந்திக்கும் வரை பறவை மொத்தம் எவ்வளவு தூரம் பறந்திருக்கும்?

முதலில் நீண்ட வழியில் போவோம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் இதே போலச் செய்யலாம். கட்டங்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள்.

1. ஏ1, பி1, சி1 கட்டங்களில் முறையே இடைவெளி, நேரம், பறந்த தூரம் என்று தலைப்பு கொடுங்கள்.

2. ஏ2-வில் 200 என டைப் செய்யுங்கள். பி2-வில் =ஏ2/125 (பறவையின் 75, எதிரே வரும் ரயிலின் 50). சி2-வில் =பி2*75.

3. ஏ3-ல் =ஏ2-பி2*100 (இரு ரயில்களும் சேர்ந்து மணிக்கு 100 கி.மீ. நெருங்குகின்றன).

4. பி2, சி2 இரண்டையும் தேர்வு செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்து மூன்றாம் வரிக்கு இழுங்கள். பிறகு ஏ3 முதல் சி3 வரை தேர்வு செய்து ஆறாம் வரி வரை இழுங்கள்.

5. சி7-ல் கிளிக் செய்து ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டுங்கள்.

120, 24, 4.8, 0.96, 0.192 என்று தூரம் சுருங்கிக்கொண்டே போகும். கூட்டுத்தொகை 149.952. இன்னும் பல வரிகள் சேர்த்தால் 150-ஐ நெருங்கும்.

இப்போது குறுக்கு வழி. ரயில்கள் மணிக்கு 100 கி.மீ. நெருங்குவதால் 2 மணி நேரத்தில் சந்திக்கும். பறவை அந்த 2 மணி நேரமும் பறக்கிறது. 75 x 2 = 150 கி.மீ. அவ்வளவுதான்! எத்தனை முறை திரும்பியது என்பது நமக்குத் தேவையே இல்லை.

கம்ப்யூட்டருக்கும் இந்தத் தடுமாற்றம் உண்டு

2024-ல் ஆப்பிள் நிறுவன ஆய்வாளர்கள் செயற்கை அறிவு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஒருவர் வெள்ளிக்கிழமை 44 கிவிப் பழங்கள் பறிக்கிறார், சனிக்கிழமை 58, ஞாயிற்றுக்கிழமை வெள்ளியைப் போல இரு மடங்கு. ஞாயிறு பறித்தவற்றில் ஐந்து கொஞ்சம் சிறியவை. மொத்தம் எத்தனை? சிறியதானாலும் பழம் பழம்தானே, விடை 190. சில மென்பொருள்கள் ஐந்தைக் கழித்து 185 என்றன. எனவே கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது என்பதற்காக அப்படியே நம்ப வேண்டாம்.

வீட்டுக் கணக்கில் பாருங்கள்

ஒரு கடை விளம்பரம் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "ரூ.45,000 லேப்டாப் 20 சதவீதத் தள்ளுபடியில் ரூ.36,000! மாதம் ரூ.3,200 வீதம் 12 தவணை! பரிசீலனைக் கட்டணம் ரூ.600 மட்டும்! ரூ.1,500 மதிப்புள்ள பை இலவசம்!" தவணையில் வாங்கினால் ரொக்க விலையைவிட எவ்வளவு அதிகம் கொடுக்கிறோம்?

தேவையான எண்கள் நான்குதான்: 3200, 12, 600, 36000. ஒரு கட்டத்தில் =3200*12+600-36000 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். ரூ.3,000 என்று வரும். 45,000, 20 சதவீதம், 1,500 ஆகியவை இந்தக் கேள்விக்கு வேண்டாத எண்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருபவையும் அநேகமாக இவைதான்.

இதற்கு மூன்றே படிகள். கேள்வியை முதலில் படியுங்கள். அதற்குத் தேவையான எண்களை மட்டும் பேப்பரில் எழுதுங்கள். பிறகு கீபோர்டைத் தொடுங்கள்.

பயிற்சிக்கு ஒன்று

2019 ஜூலை 12 அன்று, தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்த சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் போய்ச் சேர்ந்தது. சுமார் 200 கி.மீ. பயணம், 50 வேகன்கள், மொத்தம் 25 லட்சம் லிட்டர் தண்ணீர். ஒரு வேகனில் சராசரியாக எத்தனை லிட்டர்?

விடை: =2500000/50, அதாவது 50,000 லிட்டர். 200 கி.மீ. என்பதை எங்காவது சேர்த்திருந்தால் முதல் கணக்கிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.