வெல்டிங் எவ்வளவு இழுக்கும்?

அன்பு மருமகளுக்கு,

பீன்யா பட்டறையில் டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) அடித்தபோது மட்டமாக இருந்த பேஸ் ஃபிரேம், முழு வெல்டிங் முடிந்ததும் வில்லாக வளைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். கிளாம்பை இன்னும் இறுக்கினால் போதுமா என்றும் கேட்டாய். போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு மீட்டர் எஃகுக் கம்பியை 100 டிகிரி சூடேற்றினால் 1.2 மி.மீ. நீளும், ஆறினால் பழைய நீளத்துக்கே வந்துவிடும். இரு முனைகளையும் அசையாமல் பிடித்துக்கொண்டு சூடேற்றினால் கதை வேறு. சாதாரண எஃகு ஏறக்குறைய அந்த 100 டிகிரியிலேயே மீளும் எல்லையைத் தாண்டி, தனக்குள் நசுங்கத் தொடங்கும். வெல்டின் ஓரத்தில் வெப்பநிலை 1,500 டிகிரியை நெருங்குகிறது. அந்த இடத்தை நீளவிடாமல் பிடிப்பது சுற்றியிருக்கும் குளிர்ந்த தகடுதான். அதனால் நசுங்கிய உலோகம் ஆறும்போது, முன்பிருந்ததைவிடக் குறுகப் பார்க்கும். கிளாம்ப் போட்டால் வளைவு குறையும், ஆனால் இழுவிசை உள்ளேயே தங்கும். கழற்றியதும் கொஞ்சம் எழும்பும். மெஷினில் ஒரு பக்கம் சீவினால் மறுபடி அசையும்.

ஆகவே ஆர்க் பிடிப்பதற்கு முன்பே கணக்குப் போடு. ஓமர் பிளாட்ஜெட் 1966-இல் வெளியிட்ட வெல்டிங் வடிவமைப்பு நூலில் எளிய சூத்திரம் ஒன்று உண்டு. வெல்டின் குறுக்குவெட்டுப் பரப்பு, நடுநிலை அச்சிலிருந்து வெல்டுக்குள்ள தூரம், நீளத்தின் இருமடி மூன்றையும் பெருக்கி, நிலைமத் திருப்புத்திறனால் வகுத்து, 0.005-ஆல் பெருக்கு. வளைவு கிடைத்துவிடும். 150 மி.மீ. சேனலின் மேல் விளிம்பு நெடுக, 3 மீட்டருக்கு 6 மி.மீ. ஃபில்லெட் ஒன்று ஓட்டினால் ஏறத்தாழ 8 மி.மீ. வருகிறது. இது மதிப்பீடுதான். ஆனாலும் எது எதைக் கூட்டுகிறது என்பதை இது காட்டிவிடுகிறது. நீளம் இரட்டித்தால் வளைவு நான்கு மடங்கு. அச்சின் இரு பக்கமும் சம தூரத்தில் சம வெல்டு வைத்தால் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுகட்டும்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது வெல்டின் அளவைத்தான். "பலமாக இருக்கட்டும்" என்று 6 மி.மீ. ஃபில்லெட்டை 8 ஆக்குவார்கள். பரப்பு 18 சதுர மி.மீட்டரிலிருந்து 32 ஆகிவிடும். இழுப்பும் அதே விகிதத்தில் ஏறும். வரைபடம் கேட்காத வெல்டை யாரும் போடாமல் பார்த்துக்கொள். தொடர் வெல்டு தேவையா, விட்டுவிட்டுப் போட்டால் போதுமா என்று வடிவமைப்பாளரிடம் தயங்காமல் கேள். தடித்த தகடானால் இரு பக்க வி-வெட்டு, ஒரு பக்க வெட்டைவிடப் பாதி உலோகத்தையே கேட்கும். மற்றபடி நடுவிலிருந்து வெளிப்புறம் போவது, இரு பக்கமும் மாற்றி மாற்றிப் போடுவது எல்லாம் உன் வெல்டர்களுக்குத் தெரியும், அவர்களிடம் கேட்டுக்கொள்.

எல்லா எஃகும் ஒரே அளவு இழுக்காது. பெங்களூரு நம்ம மெட்ரோவின் முதல் கட்டத்துக்கு பெமல் நிறுவனம் செய்த பெட்டிகள் துருப்பிடிக்காத எஃகு. அது சாதாரண எஃகைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். வெப்பத்தைக் கடத்துவதோ மூன்றில் ஒரு பங்குதான். சூடு ஓரிடத்திலேயே தேங்குவதால் மெல்லிய தகடு அலையலையாகிவிடும். பிலடெல்பியாவின் பட் நிறுவனம் 1934-இல் துருப்பிடிக்காத எஃகால் செஃபிர் ரயிலைக் கட்டியபோது ஸ்பாட் வெல்டிங்கை நம்பியது முக்கியமாக எஃகின் துரு எதிர்ப்பு கெடாமலிருக்க; தகடு அலையாததும் அதன் பலன். கணநேரச் சூடு பரவ இடமில்லை. அந்தத் துணிச்சலை இன்றும் வியக்கிறேன்.

அடுத்த ஃபிரேமுக்கு நூல் கட்டி மூன்று முறை அள: டேக் முடிந்ததும், வெல்டு ஆறியதும், கிளாம்ப் கழற்றியதும். கணக்கில் வந்த எண்ணையும் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பு. அதற்கடுத்த ஃபிரேமில் எதிர்ப்பக்கம் எவ்வளவு முன்வளைவு கொடுப்பது என்பதை அதை வைத்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
உன் மாமா