உயிரெழுத்தில் ஒரு கணக்கு

பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் இலக்கங்களாக வைத்துக்கொள்வோம். அ என்றால் 0, ஆ என்றால் 1, இ என்றால் 2. இப்படியே போனால் ஔ என்பது 11. இலக்கங்கள் பன்னிரண்டு, ஆகவே அடிமானமும் 12. இம்முறையில் 500ஐ எப்படி எழுதுவது?

உங்களிடம் 500 பொத்தான்கள் இருக்கின்றன. டஜன் டஜனாகப் பொட்டலம் கட்டுங்கள். 41 பொட்டலங்கள் தேறும். 8 பொத்தான்கள் மிஞ்சும். அடுத்து, பன்னிரண்டு பொட்டலங்களை ஒரு பெட்டியில் அடுக்குங்கள். 3 பெட்டிகள் நிறையும். 5 பொட்டலங்கள் மிஞ்சும். (இந்தப் பெட்டியளவு, 144, வியாபாரிகளின் குரோஸ்தான்.) ஆக 3 பெட்டி, 5 பொட்டலம், 8 உதிரி. எழுத்தில் ஈஊஐ.

என்ன செய்தோம்? 12ஆல் வகுத்து மீதியைக் குறித்தோம். ஈவை மறுபடி வகுத்தோம். உதிரிதான் முதலில் கிடைக்கிறது. ஆகையால் ஒவ்வொரு மீதியையும் முந்தியதற்கு இடப்பக்கம் எழுத வேண்டும். ஈவு பூஜ்யமானதும் நிறுத்தலாம்.

கணிப்பொறிக்கும் இதே வழிதான். எழுத்து வரிசையையும் அடிமானத்தையும் மாற்றினால் போதும். அதே நிரல் இரும எண்ணும் தரும், பதினாறு அடிமான எண்ணும் தரும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 'எண் பூஜ்யமா?' என்று முதலிலேயே சோதித்து நிற்கும் நிரலுக்கு 0ஐக் கொடுத்தால் வெற்று விடைதான் வரும். அதைத் தனியே கவனித்து 'அ' என்று எழுதச் சொல்லுங்கள்.

எக்ஸெல் போன்ற விரிதாள்களில் பத்திகளின் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கில எழுத்துகள் 26ம் முடிந்ததும் 27ஆம் பத்தி 'ஏஏ' ஆகிறது. 26 அடிமானம்தானே என்று 52ஆம் பத்தியின் பெயரைக் கண்டுபிடிக்கப் பாருங்கள். ஈவு 2, மீதி 0. இங்கே 'ஏ' என்பது 1, 'இசட்' என்பது 26. பூஜ்யத்துக்கு எழுத்தே கிடையாது!

தப்பிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு முறையும் வகுக்குமுன் ஒன்றைக் கழித்துவிடுங்கள். மீதி 0 என்றால் 'ஏ', 25 என்றால் 'இசட்' என்று கொள்ளுங்கள். 52−1=51; ஈவு 1, மீதி 25, எழுத்து 'இசட்'. அந்த ஈவில் ஒன்று கழித்தால் 0. ஈவு 0, மீதி 0, எழுத்து 'ஏ'. பெயர் 'ஏஇசட்'.

2007 முதல் எக்ஸெலின் கடைசிப் பத்தி 'எக்ஸ்எஃப்டி'. எதிர்த்திசையில் போய் அது எத்தனையாவது பத்தி என்று கண்டுபிடியுங்கள். விடை 2இன் அடுக்காக வராவிட்டால், எங்கோ ஒன்றைக் கூட்ட மறந்திருக்கிறீர்கள்.